ஓஹியோ ஆறு வழியா, வேலியா?

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அடிமைகள் தப்பிப்பதைக் காட்டும் படங்களில் எல்லோரும் ஆற்றில் இறங்கித்தான் ஓடுகிறார்கள். ஆனால் வரைபடத்தை விரித்தால் மிசிசிப்பி தெற்கே ஓடுகிறது, விடுதலையோ வடக்கே இருந்தது. அப்படியென்றால் ஆறு அவர்களுக்கு உதவியதா, குறுக்கே நின்றதா? அப்புறம், ‘சுரைக்குடுவையைப் பின்தொடர்’ (Follow the Drinking Gourd) என்ற ஒரு பாட்டுக்குள்ளேயே வழியை ஒளித்து வைத்திருந்தார்கள் என்கிறார்களே, அது நிஜமா? கேட்டது இரண்டு கேள்விதான் என்றாலும் முதலாவதற்குள் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: எந்த ஊரில் பிறந்தவருக்குத் தப்பிக்க வாய்ப்பு இருந்தது, எந்த ஊரில் பிறந்தவருக்கு அது அநேகமாக இல்லவே இல்லை? ஆறுகளை வைத்து அதற்கு ஓரளவு பதில் சொல்லலாம்.

நான் வரலாறு படித்தவன் அல்ல, நீரியல் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாகச் சின்சினாட்டி பக்கம் வெள்ள அபாய வரைபடங்கள் தயாரிப்பது என் வேலை. தினமும் ஓஹியோ ஆற்றைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவன், ஒரு கட்டத்தில் இதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன், அப்புறம் விட முடியவில்லை. ஆகவே தண்ணீரைப் பற்றி நான் சொல்வது தொழிலில் பழகியது. மனிதர்களைப் பற்றிச் சொல்வது, அவர்களே எழுதி வைத்ததையும் ஆய்வாளர்கள் எழுதியதையும் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஓஹியோவிலிருந்தே தொடங்குகிறேன். பிட்ஸ்பர்க்கில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் பிறந்து, தென்மேற்காகச் சுமார் 1,580 கிலோமீட்டர் ஓடி, கெய்ரோ என்ற ஊருக்கருகே மிசிசிப்பியில் கலக்கிறது. இந்த ஆற்றுக்கு வடமேற்கே அடிமை முறை கூடாது என்று 1787இல் ஒரு சட்டம் வந்தது. தென்கரையில் அன்றைய வர்ஜீனியாவும் கென்டக்கியும், இரண்டிலும் அடிமை முறை இருந்தது. இப்படித்தான் ஒரு சாதாரண ஆறு இரண்டு உலகங்களுக்கு நடுவே எல்லையானது. பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி, எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடவில்லை. வடகரையில் தண்ணீர் மிகவும் வற்றும்போது எங்கே நிற்குமோ, அந்தத் தாழ்நீர்க் கோடு வரைக்கும் ஆறு கென்டக்கிக்குச் சொந்தம். 1820இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதாவது முக்கால் ஆறு கடந்துவிட்டாலும் சட்டப்படி நீங்கள் அடிமை மாநிலத்துக்குள்தான் இருக்கிறீர்கள். கால் எதிர்க்கரைச் சேற்றில் பட வேண்டும். அப்படிப் பட்டாலும் போதாது, ஏனென்றால் அதே 1787 சட்டத்திலேயே, ஓடி வந்த அடிமையை உரிமையாளர் பிடித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் அதை இன்னும் இறுக்கியது.

இன்று ஓஹியோவைப் பார்க்க வருகிறவர்கள் அதன் அகலத்தைப் பார்த்து, இதை எப்படிக் கடந்தார்கள் என்று மலைக்கிறார்கள். இது அந்த ஆறே இல்லை. 1880களில் தொடங்கி 1929 வரை வரிசையாகத் தடுப்பணைகளும் மதகுகளும் கட்டி, கப்பல் போக்குவரத்துக்காக எப்போதும் குறைந்தது ஒன்பது அடி ஆழம் இருக்கும்படி செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் கோடையின் கடைசியில் ஆறு வற்றி, மணல் திட்டுகள் வெளியே தெரியும், சில இடங்களில் நடந்தே கடக்கலாம். குளிர்காலத்தில் கரைக்குக் கரை உறைவதும் உண்டு. அணைகள் வந்த பிறகு அது அபூர்வமாகிவிட்டது. ஆக அன்று வருடத்துக்கு இரண்டு பருவம் ஆறு தன் காவலைத் தளர்த்தியது, வற்றும்போது ஒருமுறை, உறையும்போது ஒருமுறை. மற்ற மாதங்களில் படகு வேண்டும். படகுகளைக் கென்டக்கிக்காரர்கள் இரவில் சங்கிலி போட்டுப் பூட்டி, துடுப்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுத்தில் அனுமதியில்லாத அடிமையை ஏற்றும் தோணிக்காரருக்கு அபராதம் இருந்தது.

உறைந்த ஆற்றைப் பற்றிப் பேசினால் மார்கரெட் கார்னரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1856 ஜனவரி கடைசியில், கடும் குளிரில் ஓஹியோ உறைந்து கிடந்தது. பதினேழு பேர் கென்டக்கியின் பூன் கவுன்டி பக்கத்திலிருந்து இரவோடு இரவாகப் பனிச்சறுக்கு வண்டியில் கோவிங்டன் வந்து, பனியின் மேல் நடந்து சின்சினாட்டியில் ஏறினார்கள். பிரிந்து போன ஒன்பது பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். கார்னர் குடும்பம் ஓர் உறவினர் வீட்டில் தங்கியது, சில மணி நேரத்துக்குள் வீடு சுற்றி வளைக்கப்பட்டது. திரும்பவும் அடிமையாக அனுப்புவதைவிட இதுவே மேல் என்று மார்கரெட் தன் சின்ன மகளைத் தன் கையாலேயே கொன்றார். நீதிமன்றம் குடும்பத்தைக் கென்டக்கிக்கே திருப்பி அனுப்பியது. பின்பு அவர்களை நீராவிப் படகில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனபோது படகு விபத்துக்குள்ளாகி, அவருடைய கைக்குழந்தை அதே ஓஹியோவில் மூழ்கி இறந்தது. 1858இல் மிசிசிப்பி மாநிலத்தில் மார்கரெட்டும் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். பனி கரைக்குக் கரை பாலமாக இருந்த அந்த இரவில்கூட, எதிர்க்கரையில் காத்திருந்தது என்ன என்பதை இந்த வழக்கு காட்டிவிடுகிறது.

சின்சினாட்டிக்கு மேலே, ரிப்ளி என்ற சிறிய ஊர் இருக்கிறது. குன்றின் உச்சியில், தப்பி வருகிறவர்களுக்கு அடைக்கலம் தந்த ஜான் ரான்கின் என்ற பாதிரியாரின் வீடு. கென்டக்கிக் கரையிலிருந்து பார்த்தால் அந்த வீட்டு விளக்கு தெரியும். அங்கே நின்று ஆற்றைப் பார்த்திருக்கிறேன், வளைவின் இரண்டு பக்கமும் நெடுந்தூரம் கண்ணுக்கு எட்டுகிறது, காவலுக்கும் காத்திருப்பதற்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. எனக்கு ரான்கினைவிட அதே ஊர் ஜான் பார்க்கரைத்தான் பிடிக்கும். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கி விடுதலையானவர். ரிப்ளியில் இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்தார், சொந்தக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். பகலில் பட்டறை, இரவில் துடுப்புப் போட்டுக் கென்டக்கிக் கரைக்குப் போய் ஆட்களை ஏற்றி வருவார். பிடிபட்டிருந்தால் பட்டறையும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட திசைக்கு வருவோம். மிசிசிப்பி தெற்கே ஓடுகிறது என்பது உண்மை, ஆனால் ஆற்றுக்குத் துணை ஆறுகளும் உண்டு. கென்டக்கியில் லிக்கிங், கென்டக்கி, கிரீன் ஆகிய ஆறுகள் வடக்கு, வடமேற்காக ஓடி ஓஹியோவில் சேருகின்றன. ஆகவே அங்கே தப்பியவர் ஏதாவது ஓர் ஓடையைப் பிடித்து அது போகும் போக்கில் போனால் ஓஹியோ வரும். ஓஹியோவைக் கடந்த பிறகு கணக்கு தலைகீழாகிறது. வடகரையில் லிட்டில் மயாமி, சயோட்டோ, மஸ்கிங்கம் எல்லாம் தெற்கே பாய்கின்றன, அங்கே தண்ணீருக்கு எதிராக நடந்தால்தான் வடக்கே போகிறீர்கள் என்று அர்த்தம். இன்னும் மேலே போனால் பெரிதாக உயரம் இல்லாத ஒரு நீர்ப்பிரிமேடு. அதைத் தாண்டியதும் சண்டஸ்கி, கயஹோகா போன்ற ஆறுகள் மறுபடி வடக்கே ஓடி ஈரி ஏரியில் விழுகின்றன. ஓட்டத்தோடு கொஞ்சம், ஒரு கடத்தல், எதிரோட்டமாகக் கொஞ்சம், மறுபடி ஓட்டத்தோடு. வானம் மூடி நட்சத்திரம் தெரியாத இரவில் கையை ஓடையில் விட்டு ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே திசை கிடைத்துவிடும். ஒவ்வொருவரும் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. நிலம் இப்படிச் சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு அவர்களுக்குச் சாதகமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் என்னை மிகவும் உலுக்கிய கதை டென்னசி ஆற்றைப் பற்றியது. இந்த ஆறு ஒரு விசித்திரம். கிழக்கு டென்னசியில் பிறந்து, தெற்கே அலபாமாவுக்குள் இறங்கி, அங்கே வளைந்து, மறுபடி டென்னசி, கென்டக்கி வழியாக நேர் வடக்கே போய் ஓஹியோவில் சேருகிறது. அலபாமா போன்ற ஆழ்ந்த தெற்கிலிருந்து வடக்கே ஓடும் பெரிய ஆறு என்றால் இது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1851இல் சேத் கான்க்ளின் என்ற வெள்ளைக்காரர், தன் விடுதலையை விலைக்கு வாங்கி வடக்கே போயிருந்த பீட்டர் ஸ்டில் என்பவருடைய மனைவி வைனாவையும் பிள்ளைகளையும் அலபாமாவின் சவுத் ஃபுளோரன்ஸ் பக்கத்திலிருந்து துடுப்புப் படகில் அழைத்துப் போனார். அந்த ஊருக்குச் சற்று மேலேதான் மசல் ஷோல்ஸ் என்ற பாறை நிறைந்த விரைவோட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு மேலிருந்து கிளம்பியிருந்தால் படகு சிதறியிருக்கும். கீழிருந்து கிளம்பினால் ஓஹியோ வரை ஆறு பெரும்பாலும் திறந்த பாதை. இந்த விவரத்தை முதலில் படித்தபோது பழைய வரைபடத்தை எடுத்து விரல் வைத்துப் பார்த்தேன். ஏழு பகல், ஏழு இரவு துடுப்புப் போட்டார்கள். டென்னசியில் ஓட்டத்தோடு வந்து, ஓஹியோவில் இறங்கி, பின் வபாஷ் ஆற்றில் எதிரோட்டமாக ஏறி இந்தியானாவில் நியூ ஹார்மனியை அடைந்தார்கள். தண்ணீர் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. அங்கிருந்து நடந்து போகும்போது, வின்சென்ஸ் அருகே, சுதந்திர மாநிலம் என்று பெயர் பெற்ற நிலத்தில் பிடிபட்டார்கள். குடும்பம் அலபாமாவுக்கே திரும்பக் கொண்டுபோகப்பட்டது. கான்க்ளினின் உடல் விலங்கோடு, தலையில் காயத்தோடு ஆற்றில் கிடைத்தது. தானாகக் குதித்தாரா, தள்ளிவிட்டார்களா என்பது தீராத கேள்வி. பீட்டர் ஸ்டில் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி, 1854 கடைசியில் 5,000 டாலர் கொடுத்துக் குடும்பத்தை மீட்டார்.

மிசிசிப்பியைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் சரியானது. பருத்தித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டவர்களைக் கொண்டுபோன பாதை அது. கென்டக்கியிலும் மிசௌரியிலும் ஆற்றோடு கீழே விற்பது என்றாலே மரணதண்டனை மாதிரிப் பயந்தார்கள். ஆனால் நீராவிப் படகு வந்தபின் ஆறு இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கியது என்று சொல்லலாம். அந்தப் படகுகளில் விறகு போட, சமைக்க, சாமான் தூக்க, பயணிகளுக்குப் பரிமாற ஏராளமான கறுப்பினத்தவர்கள் வேலை செய்தார்கள், அடிமைகளும் உண்டு, சுதந்திரமானவர்களும் உண்டு. வில்லியம் வெல்ஸ் பிரவுன் அப்படி ஒருவர். செயின்ட் லூயியிலிருந்து தாயோடு ஆற்றைக் கடந்து இல்லினாய் பக்கம் ஓடி, ஒருமுறை பிடிபட்டார். அப்புறம் படகு வேலையில் இருந்தபடியே, 1834 புத்தாண்டு நாளில் படகு சின்சினாட்டியில் நின்றபோது, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கி நடந்தார், திரும்பவே இல்லை. பிறகு ஈரி ஏரிப் படகுகளில் வேலைக்குச் சேர்ந்தார். 1842இல் மட்டும் மே முதல் டிசம்பர் தொடக்கம் வரை 69 பேரைக் கனடாப் பக்கம் கொண்டுபோய் விட்டதாக அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். லூயிவில்லைச் சேர்ந்த தார்ன்டன், லூசி பிளாக்பர்ன் தம்பதி 1831 ஜூலையில் செய்தது இன்னும் துணிச்சல். நல்ல உடை உடுத்தி, சுதந்திரமானவர்கள் என்று சொல்லும் போலிச் சீட்டைக் காட்டி, பட்டப்பகலில் நீராவிப் படகில் பயணிகளாக ஏறிச் சின்சினாட்டி போனார்கள். இரண்டு வருடம் கழித்து டெட்ராய்ட்டில் பிடிபட, ஊர்க் கறுப்பின மக்கள் திரண்டு அவர்களை மீட்டு ஆற்றுக்கு அப்பால் அனுப்பினார்கள். கனடா திருப்பித் தர மறுத்தது. பின்னாளில் டொரான்டோவின் முதல் வாடகைக் குதிரை வண்டியை ஓட்டியவர் இந்தத் தார்ன்டன்தான்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குப் புரிந்த ஒன்று உண்டு, என் பதிலின் மையமும் அதுதான். ஓர் ஆற்றால் தப்பிக்க முடியுமா என்பதை ஆற்றின் அகலமோ ஆழமோ முடிவு செய்யவில்லை. அந்தத் தண்ணீரில் உங்களுக்கு வேலை இருந்ததா என்பதுதான் முடிவு செய்தது. தோட்டத்தை விட்டு வெளியே போகாத ஒருவருக்கு இரண்டு மைல் தள்ளியிருக்கும் ஆறுகூடத் தெரியாத தேசம். படகோட்டிக்கோ, மீன்பிடிப்பவருக்கோ, கப்பல் பட்டறைக்காரருக்கோ அது தினசரிப் பாதை. அவர் தண்ணீரில் இருப்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

செசபீக் வளைகுடாவைப் பாருங்கள். மேரிலாந்தின் கிழக்குக் கரை முழுவதும் கழிமுகங்களும் சதுப்புகளும்தான். ஹாரியட் டப்மன் அங்கே டார்செஸ்டர் கவுன்டியில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது குளிர் தண்ணீரில் இறங்கி, சதுப்பில் கஸ்தூரி எலி என்ற நீர் விலங்கைப் பிடிக்க வைத்த பொறிகளைப் பார்த்துவர அனுப்பப்பட்டார். அப்பா மரம் வெட்டும் வேலையில் மேற்பார்வையாளர், டப்மனும் வளர்ந்தபின் காட்டு வேலை பார்த்தார். வெட்டிய மரம் படகேறிப் பால்டிமோர் போகும், அந்தப் படகுக்காரர்கள் வழியாகச் செய்தியும் போகும் வரும். 1849இல் அவர் தப்பினார். சாப்டாங்க் ஆற்றை ஒட்டி அதன் தலைப்பகுதி வரை மேலேறிப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம், அந்த ஆற்றின் தலைப்பகுதி டெலவேர் எல்லையில் இருப்பதால் ஊகம் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்த முதல் பயணத்தின் துல்லியமான தடம் பதிவாகவில்லை. பிறகு சுமார் 13 முறை திரும்பி வந்து, ஏறத்தாழ 70 பேரை அழைத்துப் போனார், பெரும்பாலும் இரவு நீண்ட குளிர்மாதங்களில். அவருக்குத் தொல்லை தந்த ஆறுகள் எவை தெரியுமா? பாலம் உள்ளவை. பாலத்தில் காவலர்கள் நிற்பார்கள். 1856இல் வில்மிங்டன் பாலம் காவலில் இருந்தபோது, தாமஸ் காரெட் என்ற குவேக்கர் (அடிமை முறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வணிகர் கொத்தனார்களின் வண்டியில் டப்மனையும் அவரோடு வந்தவர்களையும் படுக்கவைத்து, பாலத்தைத் தாண்ட ஏற்பாடு செய்தார்.

அதே கரையில், டால்பட் கவுன்டியில் பிறந்தவர், பின்னாளில் அடிமை முறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் புகழ்பெற்ற ஃபிரடெரிக் டக்ளஸ். 1836இல் அவரும் நண்பர்களும் பெரிய மரத்தோணி ஒன்றை எடுத்து, வளைகுடாவின் வடமுனை வரை துடுப்புப் போட்டு, அங்கிருந்து நடப்பதாகத் திட்டம் போட்டார்கள். தரையில் போனால் ஓடிப்போகிறவர்கள் என்று தெரிந்துவிடும், தண்ணீரில் போனால் மீன்பிடிப்பவர்கள் என்று நினைப்பார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். கிளம்ப வேண்டிய நாளன்றே யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிறகு பால்டிமோரில் கப்பல் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை கற்றார். 1838 செப்டம்பர் 3ஆம் தேதி மாலுமி வேடத்தில், ஒரு மாலுமியிடம் இரவல் வாங்கிய சான்றிதழோடு ரயில் ஏறினார். சஸ்குவெஹானா ஆற்றைப் படகில் கடந்து, வில்மிங்டனில் நீராவிப் படகு மாறிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். சான்றிதழில் எழுதியிருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தவில்லை, ஆனால் ரயில்காரர் ஊன்றிப் பார்க்கவில்லை. கப்பல் பேச்சு தனக்கு அத்துப்படி என்பதால்தான் அந்த வேடம் எடுபட்டது என்று டக்ளஸ் எழுதுகிறார்.

காற்றும் ஓதமும் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) கைவிட்ட கதையும் உண்டு. 1848 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து 77 பேர் பேர்ல் என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். பொடோமாக் ஆற்றோடு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, வளைகுடாவில் திரும்பி வடக்கே ஏறி, கால்வாய் வழியாக டெலவேர் ஆற்றைப் பிடித்து நியூ ஜெர்சி போவது திட்டம். வரைபடத்தில் பார்த்தால் வடக்கே போக முதலில் தெற்கே போகும் கோணல் வழி. சனிக்கிழமை இரவு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காற்று செத்தது, ஓதம் எதிராகத் திரும்பியது, நங்கூரம் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருந்தார்கள். காலையில் நல்ல காற்று, வேகமாக ஆற்றின் வாய் வரை வந்துவிட்டார்கள். அங்கே வடக்கிலிருந்து பலமான எதிர்க்காற்று. பாயை வைத்துக்கொண்டு வளைகுடாவில் ஏற முடியாது. மறுபடி நங்கூரம். இதற்குள் வாஷிங்டனில் விஷயம் தெரிந்து, ஆட்கள் நீராவிப் படகில் துரத்தி வந்து நடுநிசிக்குப் பிறகு பிடித்தார்கள். பலரைத் தெற்கே விற்றுவிட்டார்கள். கப்பலை ஏற்பாடு செய்த டேனியல் டிரேட்டன் நான்கு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்து, 1852இல் குடியரசுத் தலைவரின் மன்னிப்பில் வெளியே வந்தார். பாய்மரத்தை நீராவி துரத்தினால் பந்தயம் எப்படி முடியும் என்று எந்த மீனவரையும் கேட்கலாம்.

கடற்கரை ஊர்களில் துறைமுகமே கதவு. வட கரோலினாவின் ஈடன்டனில் ஹாரியட் ஜேக்கப்ஸ் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடுக்கில் ஏழு வருடம் ஒளிந்திருந்து, 1842இல் கப்பலேறிப் பிலடெல்பியா போனார். ஆப்ரகாம் காலவே 1857இல் வில்மிங்டனிலிருந்து (இது வட கரோலினாவின் வில்மிங்டன், மேலே சொன்னது டெலவேர்) டர்பன்டைன் ஏற்றிய கப்பலின் அடித்தளத்தில் ஒளிந்து போனார். முதலாளிகளுக்கும் இது தெரியும். தெற்குக் கரோலினா 1822இலேயே, வெளியூர்க் கப்பலில் வரும் சுதந்திரக் கறுப்பின மாலுமிகளைக் கப்பல் நிற்கும்வரை சிறையில் வைக்கச் சட்டம் போட்டது. வர்ஜீனியா 1856இல் வடக்கே போகும் கப்பல்களைச் சோதனை போடச் சொன்னது. தண்ணீரைப் பற்றிய அறிவு எத்தனை பெரிய ஆயுதம் என்பதற்கு உள்நாட்டுப் போர்க்கால உதாரணங்கள்தான் உச்சம். 1862 மே 13 அதிகாலை ராபர்ட் ஸ்மால்ஸ், தான் சுக்கான் பிடித்த பிளான்டர் என்ற தென்மாநிலப் படைக் கப்பலையே சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிப்போனார், கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைகளைத் தாண்டும்போது சரியான ஊதல் சமிக்ஞை கொடுத்து. 1863 ஜூனில் டப்மன் வழிகாட்டக் கம்பாஹி ஆற்றில் ஏறிய வடக்குப் படையின் படகுகள் ஒரே பயணத்தில் 700க்கு மேற்பட்டவர்களை ஏற்றி வந்தன. ஓதம் ஏறும்போது வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, இறங்கும்போது மதகைத் திறந்து வடிக்கும் நெல் தோட்டங்கள் அவை. ஆற்றில் கண்ணிவெடி எங்கே என்று சொன்னவர்கள் அங்கேயே வேலை செய்த அடிமைகள்.

எல்லோரும் வடக்கே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே கிரேட் டிஸ்மல் சதுப்பு இருக்கிறது. இலை தழை ஊறித் தேநீர் நிறத்தில் கிடக்கும் தண்ணீர், நடுநடுவே கொஞ்சம் மேடான காய்ந்த திட்டுகள். தப்பி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் திட்டுகளில் வாழ்ந்திருக்கிறார்கள், தொல்லியல் அகழாய்வில் அவர்களுடைய குடியிருப்புத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. எத்தனை பேர் என்பதற்கு வரும் எண்களை நம்பாதீர்கள், ஒளிந்து வாழ்ந்தவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. 1793இல் சதுப்பின் நடுவே கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள், வெட்டியவர்களும் அடிமைகள்தான், 1805இல் திறந்தது. காவலர்கள் உள்ளே வர அது வழி செய்தது என்பது ஒரு பக்கம். கூரைக்கு மரச்சில்லு சீவும் முகாம்கள் வந்தன, ஒளிந்திருந்தவர்கள் அங்கே ரகசியமாக வேலை பார்த்து உணவும் துணியும் வாங்கிக்கொண்டார்கள் என்பது மறுபக்கம். 1847இல் வட கரோலினா, சதுப்பில் வேலை செய்யும் அடிமைகள் ஒவ்வொருவரின் அங்க அடையாளத்தையும் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இன்னும் பழைய காலத்தில் விடுதலை தெற்கே இருந்தது. 1687இல் எட்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு குழந்தை கரோலினாவிலிருந்து படகில் ஸ்பானியர் வசம் இருந்த ஃபுளோரிடாவுக்கு வந்தார்கள். கரையோரத் தீவுகளுக்கு உள்பக்கமாக, அலையில்லாத நீர்வழி ஒன்று நெடுந்தூரம் போகிறது. 1693இல் ஸ்பெயின் மன்னர், கத்தோலிக்க மதத்தை ஏற்பவர்களுக்கு விடுதலை என்று ஆணையிட்டார். 1738இல் செயின்ட் அகஸ்டின் அருகே அவர்களுக்கென்றே மோசே கோட்டை அமைந்தது. டெக்ஸாஸிலிருந்து ஓடியவர்களுக்கு ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை, மெக்ஸிகோ 1829இலேயே அடிமை முறையை ஒழித்துவிட்டது. ஆனால் அங்கே ஆற்றைக் கடப்பதைவிட, அதற்கு முன்னால் நூயேசஸ் ஆற்றிலிருந்து வரும் வறண்ட பொட்டல்தான் ஆளைக் கொல்லும். தண்ணீர் இல்லாத இடமும் ஒரு வேலிதான்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் பாட்டு அச்சில் முதலில் வந்தது 1928இல், இன்று எல்லோரும் பாடும் வடிவம் 1947இல் எழுதப்பட்டது. அடிமைக் காலத்தில் அதைப் பாடி வழி கண்டுபிடித்ததாக யாரும் எழுதிவைத்த சான்று இல்லை. வேடிக்கை என்னவென்றால் அது சொல்லும் வழி நீரியல்படி சரியானது. டாம்பிக்பி ஆற்றில் எதிரோட்டமாக ஏறி, நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி, டென்னசியோடு இறங்கி ஓஹியோவை அடைவது. நிலத்தை அறிந்த யாரோ அமைத்த பாட்டு என்று சொல்வேன், எப்போது என்பதுதான் சந்தேகம். போர்வைத் தையலில் ரகசியக் குறி இருந்தது என்ற கதைக்கு அந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது, அதை விட்டுவிடுங்கள். ஓடையில் நடந்தால் மோப்ப நாய் தடத்தை இழக்கும் என்பது பாதி உண்மை. ஓடும் தண்ணீர் வாசனையைக் கொண்டுபோய்விடும், ஆனால் நாயோடு வருபவர்கள் இரண்டு கரையிலும் நடத்திப் பார்த்தால், ஏறிய இடம் அகப்பட்டுவிடும். நேரம் மிச்சமாகும், அந்த நேரத்துக்காகத்தான் அந்தக் குளிர் தண்ணீரில் இறங்கினார்கள்.

எண்ணிக்கையில் கவனமாக இருங்கள். 1850 மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஆண்டு தப்பியவர்கள் 1,011 பேர் என்றும் 1860இல் 803 பேர் என்றும் பதிவு. அது முதலாளிகள் சொன்ன கணக்கு, நிச்சயம் குறைவானது. ஆனாலும் 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், எவ்வளவு சிலருக்கு அது வாய்த்தது என்று தெரியும். 1850இல் மேரிலாந்தில் மட்டும் 279 பேர். வளைகுடாவும் வடக்கு எல்லையும் ஒருசேர அமைந்த சிறிய மாநிலம் அது. நட்டநடு ஜார்ஜியாவிலோ அலபாமாவிலோ பிறந்தவருக்கு அந்தக் கதவு இல்லை, அவர்களில் ஓடியவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் காட்டிலும் சதுப்பிலும் சில நாள் ஒளிந்து திரும்பியவர்கள்தான்.

கடைசியாக, வடக்கு என்று சொன்னோமே, அதில் ஒரு வினோதம். 1834 ஆகஸ்ட் முதல் தேதி பிரிட்டிஷ் பேரரசில் அடிமைச் சட்டம் ஒழிந்த பிறகு, அதிலும் 1850 சட்டத்துக்குப் பிறகு, உறுதியான எல்லை ஓஹியோ ஆறாக இல்லாமல் கனடாவை ஒட்டிய ஏரிகளும் ஆறுகளும் ஆகிவிட்டது. நயாகரா, ஈரி ஏரி, டெட்ராய்ட் ஆறு. இதில் அதிகம் பேர் கடந்த இடங்களில் ஒன்று டெட்ராய்ட். அங்கே ஆறு வளைந்து போவதால் கனடாவின் வின்ட்சர், டெட்ராய்ட்டுக்குத் தெற்கே அமைந்திருக்கிறது. கென்டக்கியிலிருந்து பல வாரம் வடக்கு வடக்கு என்று நடந்து வந்தவர்கள், அந்தக் கடைசி ஒரு மைலுக்குக் குறைவான தூரத்தைத் தெற்கே பார்த்துத்தான் துடுப்புப் போட்டார்கள்.